நூறிலேயே நின்ற பேட்டரி

என் அண்ணனுக்கு எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். ஒரு கருவிக்குள் எல்லாவற்றையும் மேய்த்துக் கட்டி ஆளும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதை எழுதுகிறவர்களில் அவனும் ஒருவன். கருவியில் உள்ள ஒவ்வொரு மின்னணுச் சில்லுக்குள்ளும் இன்னொரு குட்டி நிரல் உட்கார்ந்திருக்கும். அது ஃபர்ம்வேர். கெர்னல் கேட்கும், ஃபர்ம்வேர் பதில் சொல்லும். சூடு எவ்வளவு, சார்ஜ் எவ்வளவு, மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. அந்தப் பதில்களில் பாதி புளுகு என்பது அண்ணனின் தீராத புலம்பல்.

"அது சாட்சிக் கூண்டுல நிக்கற ஆள் மாதிரி. சொல்றதைக் கேட்டுக்கணும், நம்பக் கூடாது" என்பான். சில ஃபர்ம்வேர், நீ யார் என்று கெர்னலையே விசாரிக்குமாம். உண்மையான பெயரைச் சொன்னால் பாதி வேலையை நிறுத்திவிடுமாம். அதனால் கெர்னலும் சந்தையில் செல்வாக்குள்ள வேறொருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழையுமாம். அவன் சொன்ன வேலைக் கதைகளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

என் கணவர் ஃபர்ம்வேர் எழுதுகிறவர்.

இதில் என் சதி எதுவும் இல்லை. பழகினோம், பிடித்தது, வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்று அண்ணன் உற்சாகமாக விசாரித்தான். எந்தக் கம்பெனி, எந்த பேட்டரி என்று கேள்வி போகப் போக அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. காரணம் இதுதான். பொய் சொல்லும் ஒவ்வொரு ஃபர்ம்வேருக்கும் கெர்னலில் ஒரு தனி வரி உண்டு. இன்ன சில்லு, இன்ன பதிப்பு எண், இதற்கு இப்படிச் சமாளி என்று. அந்த வரிக்கு மேலே காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். ஒரு பேட்டரிக்கு மேல் அண்ணன், 'இதை எழுதியவர் தூக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தான்.

காபியைக் கலக்கிக்கொண்டே என் வருங்காலக் கணவர் மெதுவாகச் சொன்னார். "அந்தத் தூங்குமூஞ்சி நான்தாங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அவன் இவரிடம் காட்டிய மரியாதையை எங்கள் அப்பாவிடம்கூடக் காட்டியதில்லை. வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னா சரிதான் மாப்பிள்ளை. இவரும் சளைத்தவரில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ரகம். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லிக் கேட்டதில்லை. இருவரும் வாசலில் சந்தித்துக்கொண்டால் 'நீங்க முதல்ல' என்று சொல்லியே லிஃப்ட்டைத் தவறவிடுவார்கள். நான் இருவருக்கும் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வேன்.

எனக்கு இந்தக் குழைவெல்லாம் வராது. கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் வேலை. தராசு தப்பாகக் காட்டினால் திறக்கலாம், திருத்தலாம். ஆனால் திறந்தவர் பழைய முத்திரையை உடைத்து, திருத்திய பிறகு புது முத்திரை வைக்க வேண்டும். கெட்டுப்போன தராசை எனக்குச் சமாளிக்கத் தெரியும். முத்திரை அப்படியே இருக்க, உள்ளே யாரோ கைவைத்துப் போன தராசைப் பார்த்தால்தான் எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். ஆயுள் முழுவதும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஸ்பிரே பெயின்ட் அடித்தவர். பெயின்ட்டில் பாதி வண்டியில் ஒட்டியது, மீதி அவர் நுரையீரலில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் இனிமேல் ஆக்சிஜன் இல்லாமல் கூடாது என்று சொல்லிவிட்டார். சுவரில் செருகிய பெரிய மெஷின், அதிலிருந்து நீளமான குழாய், குழாயின் முனை அவர் மூக்கில். குழாய் எட்டும் தூரத்துக்குத்தான் நடமாட்டம். சமையலறைவரை போகலாம். பால்கனிக்குப் போனால் இழுத்துப் பிடிக்கும்.

அவருக்குப் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். பத்து நிமிட நடையில், செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே அவரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் மதியங்களில் சீட்டாடுவார்கள். ஜெயிப்பதைவிட ஆட்டத்தில் இருப்பதுதான் அவருக்கு முக்கியம். கையில் குப்பையாகச் சீட்டு வந்தாலும் கவிழ்த்து வைக்கமாட்டார். கடைசிவரை இருந்து தோற்றுவிட்டு வருவார். மூக்கில் குழாய் ஏறிய பிறகு அந்த அறை இல்லாமல் போனது. குறை சொல்லவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு மதியம் கட்டிலில் தனியாக உட்கார்ந்து நான்கு பேருக்கும் சீட்டுப் போட்டு, நான்கு பேருக்காகவும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் அண்ணன் தோளில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தான். விற்பனைக்கு வராத, சோதனைக்கு வந்த மெஷின். உள்ளே ஓடும் கெர்னல் அவன் குழுவினுடையது. அதற்கு நீண்ட நேரம் தாங்கும் பெரிய பேட்டரியை என் கணவர் தன் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிவந்தார். அதுவும் சோதனைச் சரக்குதான். ஒரே உறைக்குள் இரண்டு பேட்டரிகளை அருகருகே வைத்துக் கட்டியது. நான்கு மணி நேரம் தாங்கும் என்றார். நான் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சார்ஜ் இருபதுக்கு வந்தால் அலாரம் அடிக்கும். அடித்தால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பேட்டரி பத்துக்குக் கீழே போனால், தான் கெட்டுப்போகாமலிருக்கத் தானே அணைந்துவிடும் என்று கணவர் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் கேலிக்கூத்து. முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் மெஷின் ஐம்பதுதான் காட்டியது. அப்பா மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கி, சீட்டைப் பிரிப்பதற்குள் அது இறங்கத் தொடங்கிவிடும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் அலாரம் ஊளையிடும். கூட்டாளிகள் பதறிப்போய்ச் சீட்டுக்கட்டால் அவருக்கு விசிறுவார்கள். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"இப்படிப் போறதுக்கு சுவத்து மெஷினோடயே கெடந்துடறேன்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டு நிபுணர்களையும் உட்காரவைத்துச் சொன்னேன். "இதை யார் சரி பண்ணுவீங்களோ தெரியாது. ஒரு வாரம் பார்ப்பேன். இல்லன்னா மெஷினைத் திருப்பிக் கொடுத்துடுவேன்."

"என் பக்கம்தான் ஏதோ தப்பு இருக்கும் மாப்பிள்ளை" என்றான் அண்ணன்.

"சேச்சே, என் பக்கம்தான் மச்சான்" என்றார் இவர்.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

"நீங்களும்தான் மச்சான்."

என் கணவர் சொன்னது உண்மை. அவருடைய ஃபர்ம்வேர் இரண்டு பேட்டரிகளில் ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு, மொத்தமே அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு சட்டைப்பையிலும் சில்லறை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் தடவிப் பார்க்கும் ஆசாமி போல. அதை அவர் ஒப்புக்கொண்டபோது, மரியாதைக்குச் சொல்கிறார் என்று அண்ணன் நினைத்தான். அண்ணன் தன் பக்கம் தப்பு என்றபோது, இவரும் அப்படியேதான் நினைத்தார். இருவரும் குழம்பு ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினார்கள்.

அந்த வாரத்தில் நடந்தவை எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. இவர் ஆபீஸில் இருந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். அப்பாவிடம் "சும்மா தூசு தட்டறேன்" என்று சொல்லிவிட்டு மெஷினின் கெர்னலைத் திறந்தான். இந்தப் பதிப்பு எண் உள்ள பேட்டரி என்ன சொன்னாலும் இரண்டால் பெருக்கு, நூறைத் தாண்டினால் நூறு என்றே காட்டு என்று எழுதினான். வரிக்கு மேலே காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டான். ஒருமுறை சூடு பட்டவன் அல்லவா.

அப்பா கோபத்தில் மெஷினைத் தொடாமலே இருந்தார். இரண்டு நாள் கழித்து என் கணவர், மெஷினை ஓட்டிப் பார்க்காமலே, பேட்டரியை மட்டும் கழற்றித் தன் ஆபீஸுக்கு எடுத்துப்போனார். ஃபர்ம்வேரில் இரண்டு பேட்டரிகளையும் எண்ணும்படி திருத்தினார். தன் மேசையில் உள்ள சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தார், நூறு வந்தது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றவில்லை. எண் மாறினால் மெஷின் அதைக் குறித்துக்கொள்ளும், மச்சான் பார்ப்பார், ஏன் மாறியது என்று கேட்கமாட்டார், ஆனால் கேட்காமலிருக்க அவர் படும் பாடு இவருக்குச் சங்கடமாக இருக்கும். இப்படி யோசித்தாராம். இவ்வளவு நுணுக்கமாக ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய நல்ல மனசு வேண்டும்.

ஒருவர் மட்டும் திருத்தியிருந்தால் கணக்கு சரி. இருவரும் திருத்தியதில் பேட்டரி உண்மையைச் சொன்னது, கெர்னல் பழைய நினைப்பில் அதை இரட்டிப்பாக்கியது. முழுச் சார்ஜில் வைத்தால் நூறு. பாதி தீர்ந்த பிறகும் நூறு.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்து தோளிலிருந்து மெஷினை இறக்கி எனக்குக் காட்டுவார். "பாரு, அசையவே இல்ல. மாப்பிள்ளை பேட்டரின்னா சும்மாவா?" என்பார். அண்ணன் தன் சாமர்த்தியம் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தான். இவர் தன் சாமர்த்தியம் என்று மகிழ்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். எடை வைத்தும் முள் அசையாத தராசைக் கடையில் பார்த்திருந்தால் அங்கேயே பூட்டியிருப்பேன். வீட்டில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், நானும் சிரித்தேன்.

அசையாத எண் அவருக்குத் துணிச்சலைக் கொடுத்தது. ஒருநாள் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தான் வேலை பார்த்த பெயின்ட் பட்டறையைப் பார்க்கப் போய்விட்டார். பழைய ஆட்கள் பிடித்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். கிளம்பும்போது தொண்ணூறு காட்டியது, தாராளமாகப் போதும் என்று பஸ்ஸில் ஏறியிருக்கிறார். உண்மையில் இருந்தது நாற்பத்தைந்து. பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது, பஸ் நகரவில்லை. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அலாரம் இருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

மெஷின் இருபது என்று கண்ட நொடியில் அலாரம் அடித்தது. உண்மையில் அது பத்து. பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதே நொடியில் அணைந்தது. அலாரம் ஒரு குரல் கொடுத்து, அதோடு நின்றது.

பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஓடியிருக்கிறார்கள். அந்த முனையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது முகமூடியோடு படுத்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தொண்ணூறு இருந்துச்சும்மா" என்றார். அதை மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னார். தன்னை நான் திட்டிவிடக்கூடாது என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

மெஷினை வீட்டுக்கு எடுத்துவந்து, தராசைச் சோதிப்பதுபோலவே சோதித்தேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மேசையில் ஓடவிட்டு, பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. திரையில் நூறு. இருவரையும் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன்.

"யார் உள்ள கை வெச்சது?"

இருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

"முத்திரை மாறல. ஆனா யாரோ தொறந்திருக்காங்க. யாரு?"

"நான்தான்" என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அண்ணன் முகம் வெளிறியது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாப்பிள்ளை மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதான்..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"மச்சானுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..." என்றார் இவர்.

"போதும்" என்றேன். "உங்க ரெண்டு பேரோட மரியாதையில எங்கப்பா பாலத்துல செத்துப்போயிருப்பார். ஒருத்தர் இன்னொருத்தரைத் திட்டியிருந்தா, அன்னிக்கே சட்டையைப் பிடிச்சுச் சண்டை போட்டிருந்தா, அவர் இன்னிக்கு சீட்டாடிட்டு இருந்திருப்பார்."

அதன் பிறகு இருவரும் அந்த மேசையிலேயே வேலை செய்தார்கள். வாங்க போங்க இருந்தது, குழைவு இல்லை. "இது தப்பு மாப்பிள்ளை." "ஆமா, தப்புதான். உங்களுது மட்டும் என்ன, பதிப்பைப் பார்த்தீங்க, பேட்டரி என்ன எண்ணுதுன்னு பார்த்தீங்களா?" "பார்க்கல." கேட்க எனக்கு இதமாக இருந்தது. என் கணவர் தன் கம்பெனியில் தவற்றை ஒப்புக்கொண்டு, திருத்தத்துக்குப் புதிய பதிப்பு எண் வாங்கினார். அண்ணன் பழைய எண்ணுக்கு மட்டும் இரட்டிப்பை வைத்துக்கொண்டான். அந்த எண்ணோடு ஐம்பதுக்கு மேல் எப்போதாவது பதில் வந்தால், பெருக்காதே, உடனே அலாரம் அடி என்று ஒரு வரி சேர்த்தான். மேலே காரணத்தை எழுதி, அனுப்பும் முன் இவரிடம் வாசித்துக் காட்டினான்.

'இந்தப் பதிப்பு இரண்டு பேட்டரிகளில் ஒன்றைத்தான் எண்ணுகிறது. எண் மாறாமல் திருத்திய பேட்டரியும் ஒன்று இருந்தது, அதனால் ஒருவர் சாகப் பார்த்தார். ஃபர்ம்வேரை எழுதியவர் என் தங்கையின் கணவர். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.'

"சேர்த்துக்கங்க" என்றார் இவர். "இவர் இதுக்கு முன்னாடி ஒண்ணு தூக்கத்துல எழுதியிருக்கார்னு."

அப்பா வீட்டுக்கு வந்தார். மெஷின் இப்போது உள்ளதை உள்ளபடி காட்டியது. அதுதான் புது வினையாகப் போனது. சார்ஜரிலிருந்து எடுத்து, சட்டை மாட்டி, செருப்பைத் தேடுவதற்குள் தொண்ணூற்றெட்டு. லிஃப்ட் வருவதற்குள் தொண்ணூற்றேழு. அவர் லிஃப்ட் வாசலில் நின்று எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். மறுநாளும் அப்படியே. மெஷினில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அவர் மறுபடியும் சுவரோடு கட்டுண்டு கிடந்தார்.

ஒரு காலையில் அவர் என் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்பிள்ளை, ஒரு உதவி. முன்னாடி மாதிரி நூறுலயே நிக்கற மாதிரி வெச்சுடுங்களேன்."

"மாமா?"

"எனக்குத்தான் விஷயம் தெரியுமே. பாதிதான் இருக்குன்னு மனசுல கணக்குப் போட்டுக்கறேன். இது இறங்கறதைப் பார்த்தா காலு வரமாட்டேங்குது. அது நின்னப்ப நிம்மதியா இருந்துச்சு. பிள்ளைங்களுக்குச் சொல்ல வேணாம். நமக்குள்ளயே இருக்கட்டும்."

நான் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரியும். பஸ்ஸில் தெரியாதவர் கேட்டால்கூட ஜன்னலோர இருக்கையைக் கொடுத்துவிடுவார். இப்போது கேட்பது மாமனார். அதுவும் கெஞ்சிக் கேட்கிறார்.

"முடியாது மாமா" என்றார் என் கணவர்.

அப்பா காத்திருந்தார். ஒரு சமாதானம், ஒரு 'பார்க்கலாம்', ஏதாவது வரும் என்று. எதுவும் வரவில்லை.

"ஒரு எண்ணைத்தானே கேட்டேன்" என்றார் அப்பா.

"அது பொய் எண் மாமா. நான் வெக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடங்களில் என் கணவரை நான் அவ்வளவு நேசித்த நிமிடம் வேறு இல்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். பாத்திரத்தைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அப்பா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால் என்னிடம் சொல்வார், நான் இவரிடம் சொல்வேன், இவர் நகர்த்தி வைப்பார். மெஷின் மூலையில் கிடந்தது.

பிறகு ஒரு மதியம், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சட்டை மாட்டினார். மெஷினைத் தோளில் போட்டார். எண்ணைப் பார்த்தார். செருப்பை மாட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, திறந்தே நின்றது. உள்ளே போய்விட்டார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று, மெஷினைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து, நடந்து மறைந்தார்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். ஏதாவது ஆகிவிட்டதோ என்று கதவருகே ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷினில் ஐம்பத்தாறு.

"ஏம்பா, ஆட்டம் இல்லையா?"

"இருந்துச்சு. கையில நல்ல சீட்டு. இன்னும் ஒண்ணு வந்தா ஜெயிச்சிருப்பேன்." மெஷினைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அறுபதைக் காட்டுச்சு. கவுத்து வெச்சுட்டு வந்துட்டேன்."

அவர் சீட்டைக் கவிழ்த்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நாளைக்கும் போவேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு, அது சரியாத்தான் சொல்லுதுன்னு."

"அவர் ரூமுக்குள்ளதாம்பா இருக்கார்" என்றேன். "நீங்களே சொல்லுங்க."

அப்பா என்னை முறைத்தார். சுவர் மெஷினின் குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அறைக் கதவுக்கு ஓரடி இருக்கும்போது குழாய் இழுத்துப் பிடித்தது. அங்கேயே நின்றார்.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் வெளிய வாங்க."